சின்ன மெடிக்கல் ஷாப்பில் டிஜிட்டல் கருவிகள்: எது முதலில், எது இப்போதைக்கு வேண்டாம்

டி.பார்ம் முடித்து அப்பாவின் மெடிக்கல் ஷாப்பைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். கடையில் உங்களைத் தவிர இரண்டு பேர். ஒரு கம்பெனி ஆள் வந்து பில்லிங் சாஃப்ட்வேர், இன்டராக்‌ஷன் எச்சரிக்கை (சேர்த்துச் சாப்பிடக் கூடாத மருந்துகள் ஒரே பில்லில் வந்தால் திரையில் வருவது), மாத்திரையை நினைவூட்டும் ஆப், பி.பி. பார்க்கும் மெஷின், வீடியோவில் டாக்டர் என எல்லாவற்றையும் ஆண்டுச் சந்தாவில் ஒரே பேக்கேஜாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில், ஆன்லைன் கம்பெனிகளும் பெரிய செயின் கடைகளும் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போவதையும், அப்பா "நோட்டே போதும்" என்று சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, இந்தச் செலவு கடைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது நல்லது செய்யுமா, அதனால் அவர்கள் உங்களிடமே தொடர்ந்து வருவார்களா என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பார்மசிஸ்ட். நீண்ட காலமாகச் சிறு நகரத்துக் கடையில் கவுண்ட்டரில் நிற்கிறேன், வேறு சில கடைகளுக்கு சாஃப்ட்வேர் மாற்றும்போது கூட இருந்து உதவியும் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் இயங்கும் பார்மசியிலோ நூறு கிளை வைத்த செயினிலோ வேலை பார்த்ததில்லை. அதனால் கீழே இருப்பதெல்லாம் இரண்டு மூன்று பேர் நடத்தும் கடைக்கு மட்டுமே பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால், பேக்கேஜாக வாங்காதீர்கள். ஒவ்வொரு கருவியையும் தனியாக எடுத்து, "இது ஒரு தகவலைக் காட்டியதும் என் கடையில் யார், என்ன செய்வார்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அந்தக் கருவி உபயோகப்படும். திரை சிவப்பாகிறது, பில் போடும் பையன் என்டர் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான் என்றால் அதற்குக் கொடுத்த பணம் வீண். பதிவு பெற்ற பார்மசிஸ்ட் அல்லாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42ஆம் பிரிவில் சொல்கிறது. எந்த சாஃப்ட்வேரும் அந்த இடத்தை நிரப்பாது. நீங்களே படித்தவர், நீங்களே கடையில் இருக்கிறீர்கள். செயின் கடைகளே எல்லாக் கிளையிலும் எல்லா நேரமும் ஒரு பார்மசிஸ்டை நிறுத்த முடியாமல் திணறுகின்றன. உங்களை பில்லிங் வேலையிலிருந்து விடுவித்து வாடிக்கையாளர் முன்னால் நிறுத்துகிற கருவிதான் முதலில் வேண்டும்.

அந்த வகையில் பில்லிங் சாஃப்ட்வேர் முதலிடத்தில் வரும். ஸ்டாக், எக்ஸ்பைரி, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதில் சீராகும் என்பது உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. பலர் கவனிக்காமல் விடுவது, அதே சாஃப்ட்வேர் புதுத் தவறுகளையும் கொண்டுவருகிறது என்பதை. எம், ஈ, டி என்று மூன்று எழுத்து அடித்துப் பாருங்கள். மெட்ஃபார்மின், மெத்தோட்ரெக்ஸேட், மெட்டோப்ரோலால், மெட்ரோனிடசோல் நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். கூட்ட நேரத்தில் அம்புக்குறி ஒரு வரி தவறினால் சர்க்கரைக்கு வந்தவர் கையில் மெத்தோட்ரெக்ஸேட் போய்ச் சேரலாம். இன்னொன்று, சில சாஃப்ட்வேர்களில் மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று வேளை தானாக விழும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் இரண்டு வேளை சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்தாகும். இந்தத் தவறு பல நாடுகளில் உயிரைப் பறித்திருக்கிறது, ஆகவே இதில் ஊகம் ஒன்றும் இல்லை.

எனவே சாஃப்ட்வேர் வாங்கியதும் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை, ஐட்டம் மாஸ்டரை, அதாவது சாஃப்ட்வேருக்குள் இருக்கும் மருந்துப் பட்டியலை, உட்கார்ந்து சரி செய்வது. தானாக வேளை விழுவதை நிறுத்துங்கள். குழப்பம் தரும் பெயர்களில் வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக்குங்கள், அல்லது பெயருக்கு முன்னால் ஒரு குறி போடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு "வாரம் ஒரு நாள் மட்டும், கிழமை: ......." என்று தமிழில் ஒரு லேபிளைத் தயாராக வைத்து, டாக்டர் சொன்ன கிழமையைக் கையால் எழுதி ஒட்டுங்கள். பொதுவாகவே ஒரு சின்ன லேபிள் பிரிண்டரும் தமிழ் லேபிளும் நான் பார்த்த அளவில் நல்ல முதலீடு. டாக்டர் சீட்டிலுள்ள 1-0-1 பல பெரியவர்களுக்குப் புரிவதில்லை, "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு" என்றால் புரிகிறது.

பெரும்பாலான சாஃப்ட்வேரில் மாற்று பிராண்ட் காட்டும் பட்டன் ஒன்று இருக்கும். ஒரு கம்பெனி மருந்து இல்லையென்றால் அதே மூலப்பொருள் உள்ள மற்றவற்றைக் காட்டும். விலையை ஒப்பிட்டு டாக்டரிடம் பேச அது உதவும். ஆனால் மருந்து விதிகளில் 65(11A) இருக்கிறது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய எச், எக்ஸ் அட்டவணை மருந்துக்கு எழுதிய சீட்டில், அதே மூலப்பொருளாக இருந்தாலும் வேறு தயாரிப்பை நாமாக மாற்றிக் கொடுக்க அது அனுமதிப்பதில்லை. பட்டன் இருக்கிறது என்பதற்காக உங்கள் பையன் அழுத்திவிட்டால், இன்ஸ்பெக்டரிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள எச்1 அட்டவணை மருந்துகளுக்கு டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் கொடுக்கும் நேரத்திலேயே தனிப் பதிவேட்டில் ஏறி, மூன்றாண்டு இருக்க வேண்டும். இது 2014 மார்ச் முதல் அமலில் உள்ளது. சாஃப்ட்வேரில் எச்1 மருந்து என்றால் இந்த விவரங்கள் இல்லாமல் பில் நகராதபடி வைத்துக்கொள்ளலாம். இரவு கடை அடைக்கும்போது பிரிண்ட் எடுத்துக் கையெழுத்திட்டு ஃபைலில் வையுங்கள். கம்ப்யூட்டர் பதிவு மட்டும் போதுமா என்பதை உங்கள் சரக மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பேக்கேஜில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜுக்கு ஒரு டிஜிட்டல் டேட்டா லாகர், அதாவது உள்ளே இருக்கும் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி, வாங்குங்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரன்ட் போய் வரும் ஊரில், வீட்டு உபயோக ஃப்ரிட்ஜில், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. வெப்பம் ஏறுவதை எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் ஃப்ரீஸருக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோவது அதைவிட மோசம். ஒரு முறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் கொடுக்கக் கூடாது, பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். லாகரின் சென்சாரை இன்சுலின் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து, காலையும் இரவும் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பாருங்கள். சர்க்கரை ஏன் குறையவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போகும்போது, மருந்தே கெட்டுப்போயிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

அடுத்து இன்டராக்‌ஷன் எச்சரிக்கை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இங்கே கவனம் வேண்டும். ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களின் திரையில் வரும் எச்சரிக்கைகளைப் பற்றி 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 49 முதல் 96 சதவீதம் வரை அவை புறக்கணிக்கப்பட்டதாகச் சொன்னது. டாக்டர்கள் அலட்சியக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வந்தால் எதற்கும் கண் நிற்காது. நம் கடையில் இன்னொரு குறையும் உண்டு. அந்தப் பில்லில் உள்ள மருந்துகளைத்தான் சாஃப்ட்வேர் பார்க்கிறது. அவர் நேற்று வேறு கடையில் வாங்கியதும், அரசு ஆஸ்பத்திரியில் வாங்கியதும் அதற்குத் தெரியாது. எனவே எல்லா எச்சரிக்கையையும் அணைத்துவிட்டு, உங்கள் கடையில் உண்மையில் நடக்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு மோதல்களை மட்டும் வையுங்கள். இதயத்துக்கு நைட்ரேட் சாப்பிடுபவருக்கு சில்டெனாஃபில், ரத்தம் உறையாமலிருக்க அசினோகூமரால் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் அல்லது ஃப்ளூகோனசோல், மெத்தோட்ரெக்ஸேட்டோடு கோட்ரைமாக்சசோல், சிம்வாஸ்டாட்டினோடு க்ளாரித்ரோமைசின் போன்றவை. இவற்றில் ஒன்று வந்தால் பில் நிற்க வேண்டும், நீங்கள் வர வேண்டும், டாக்டருக்குப் போன் போட வேண்டும். இந்த மூன்றையும் எழுதி கவுண்ட்டருக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். "வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்ற கேள்வியை சாஃப்ட்வேர் கேட்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மாத்திரை நினைவூட்டல் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னக் கடைக்கு இதுதான் பலம். நாள்பட்ட நோய்களுக்கு எஸ்.எம்.எஸ். நினைவூட்டல் அனுப்பிய 16 சோதனைகளை ஒன்றாக வைத்து 2016இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது என்று அதில் கண்டார்கள். அதே ஆய்வில், பெரும்பாலான சோதனைகள் மூன்று மாத அளவிலேயே நின்றன, சாப்பிட்டேன் என்று நோயாளியே சொன்னதை நம்பிய சோதனைகளும் நிறைய. ஆகவே நினைவூட்டினால் பலன் உண்டு என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், இரண்டாண்டு கழித்தும் அது நிற்குமா என்பது சந்தேகம்தான். விற்க வருபவர் முதல் பாதியை மட்டும் சொல்வார்.

இங்கே அப்பாவின் நோட்டு வருகிறது. அதை ஒதுக்காதீர்கள். மாதா மாதம் வருபவர் யார், என்ன வாங்குகிறார், யாருடைய மகன் வெளியூரில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும், இல்லையென்றால் அப்பா தலையில் இருக்கும். அவரை உட்கார வைத்து பி.பி., சர்க்கரை, வலிப்பு, தைராய்டு, இதய மருந்து வாங்கும் ஐம்பது பேரை மட்டும் சாஃப்ட்வேரில் ஏற்றுங்கள். முப்பது நாள் மாத்திரை வாங்கியவர் முப்பத்தைந்தாம் நாளும் வரவில்லை என்றால் பட்டியல் காட்டட்டும். தானியங்கி மெசேஜுக்குப் பதிலாக நீங்கள் போன் செய்யுங்கள். "அம்மா, மாத்திரை மிச்சம் இருக்கா?" என்று கேட்டால் பதில்கள் விதவிதமாக வரும். ஒருவர் "பி.பி. நார்மல்னு சொன்னாங்க தம்பி, அதான் நிறுத்திட்டேன்" என்பார். இன்னொருவர் "ஒண்ணு விட்டு ஒரு நாள் போட்டுக்கிறேன், கட்டுப்படி ஆகல" என்பார். காலில் வீக்கம் வருகிறது என்று பி.பி. மாத்திரையான அம்லோடிபினை நிறுத்தியவர் இருப்பார். இன்னும் சிலருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்திருக்கும், அல்லது முதல்வர் மருந்தகத்தில் குறைந்த விலையில் வாங்கியிருப்பார்கள். ஆப்புக்கு இவர்கள் எல்லோரும் "மருந்தை விட்டவர்கள்". உங்களுக்கு ஒவ்வொருவரும் வேறு. நிறுத்தியவருக்கு விளக்க வேண்டும், வீக்கம் உள்ளவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும், கட்டுப்படியாகாதவருக்கு அரசுத் திட்டத்தைச் சொல்ல வேண்டும். ஆமாம், அந்த விற்பனை உங்கள் கையைவிட்டுப் போகும். அவர் வீட்டில் மற்றவர்களுக்கு மருந்து தேவைப்படும்போது உங்களிடம்தான் வருவார். இதை நான் நம்புகிறேன், கண்ணாலும் பார்த்திருக்கிறேன், ஆனால் இதற்கு ஆய்வுச் சான்று இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

மெசேஜ் அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால் அவர் சம்மதத்தை முதலில் கேளுங்கள், மெசேஜில் மருந்தின் பெயரைப் போடாதீர்கள். ஒரே போனை வீடே பார்க்கும். மனநல மருந்து, எச்.ஐ.வி. மருந்து, கருத்தடை மாத்திரை போன்றவை ஒரு மெசேஜில் வெளிப்பட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. "உங்கள் மாதாந்திர வாங்குதலுக்கு நாள் ஆகிவிட்டது" என்பது போதும்.

பி.பி. மெஷின் வைக்கலாம், நல்லது. மேல்கையில் கட்டும் வகை, துல்லியம் சோதிக்கப்பட்ட மாடல், பெரிய கைக்கு ஒரு பெரிய பட்டை. சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் அளவு அதிகமாகக் காட்டும். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவரை நிற்க வைத்தே அளப்பதுதான் பெரும்பாலான கடைகளில் நடக்கிறது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து அளந்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஒரு நாற்காலிக்கு இடம் இல்லை என்றால் மெஷின் வேண்டாம். 180/120க்கு மேல் வந்து, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்தல் இருந்தால் 108. அளவு மட்டும் அதிகமாக, வேறு தொந்தரவு இல்லையென்றால் கொஞ்சம் உட்கார வைத்து மறுபடி பார்த்து, அன்றே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக ஒரு மாத்திரை கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் டாக்டர் சீட்டுதான் இன்று நம் கடைகளின் பெரிய டிஜிட்டல் வேலை, ஆனால் யாரும் அதை அப்படி நினைப்பதில்லை. மருந்து கொடுத்ததும் சீட்டில் கடைப் பெயர், முகவரி, தேதி குறிக்க வேண்டும், டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய ஒரு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. போட்டோவில் சீல் வைக்க முடியாது. ஒரே போட்டோ நான்கு கடைக்குப் போனால் நான்கு இடத்திலும் அல்ப்ராசோலம் போன்ற, பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை கிடைத்துவிடும். ஆகவே போட்டோவைப் பார்த்து மருந்தை எடுத்து வையுங்கள், கொடுக்கும்போது அசல் சீட்டைப் பார்த்து சீல் வையுங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வந்த அறிவிப்பு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வழி செய்தபோதும் அதே வருவாய் மாவட்டத்துக்குள் என்றுதான் வரம்பு வைத்தது. ஆன்லைன் மருந்து விற்பனைக்கு 2018இல் வந்த விதிகள் வரைவாகவே நிற்கின்றன. இந்தச் சட்ட நிலை மாறலாம், அதனால் அதை நம்பிப் பெரிய முதலீடு செய்யாதீர்கள். கடைக்கென்று தனி போன் வையுங்கள், படங்கள் தானாக கேலரியில் சேர்வதை அணைத்துவிடுங்கள். பையனின் சொந்தப் போனில் ஊர்க்காரர்களின் சீட்டுகள் கிடக்கக் கூடாது.

க்யூ.ஆர். கோடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். ஸ்கேன் செய்தால் பேட்ச், எக்ஸ்பைரி, தயாரித்த கம்பெனி, லைசென்ஸ் எண் வரும். போலி பற்றிச் சந்தேகம் வந்தால் உதவும், ஆனால் ஒரு போலிக்காரன் அசல் கோடையே நகலெடுக்கலாம், எனவே ஸ்கேன் சரியாக வந்துவிட்டது என்பதே உத்தரவாதம் ஆகாது. லைசென்ஸ் உள்ள ஸ்டாக்கிஸ்டிடம் பில்லோடு வாங்குவதே முதல் பாதுகாப்பு. ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச், எக்ஸ்பைரி இருக்கும் முனையைக் கடைசி வரை விட்டு எதிர்முனையிலிருந்து வெட்டுங்கள், கொடுத்த துண்டுக்கு லேபிளில் எக்ஸ்பைரியை எழுதுங்கள்.

வீடியோ டாக்டர் மூலை வேண்டாம் என்பது என் கருத்து. 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வீடியோவில் பார்த்துச் சீட்டு எழுதுவதை அனுமதிக்கிறது, எக்ஸ் அட்டவணை மருந்தும் போதை மருந்தும் எழுதக் கூடாது என்கிறது. சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் சீட்டு எழுதும் டாக்டரும் அதை விற்கும் கடையும் ஒரே கம்பெனி வழியாகக் கட்டப்பட்டிருந்தால் சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதும் தூண்டுதல் வந்துவிடும். டாக்டர்கள் கமிஷன் வாங்குவதை அவர்களின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடுக்கின்றன. நோயாளிக்கு வீடியோவில் டாக்டர் தேவைப்பட்டால் அரசின் இ-சஞ்சீவனி இலவசமாக இருக்கிறது. அதில் நுழைய உதவி செய்யுங்கள், பணம் வாங்காதீர்கள்.

ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்க சுகாதார அடையாள எண்ணான ஆபாவும், அதை நடத்தும் அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் பற்றி அந்த ஆள் பெரிதாகப் பேசியிருப்பார். பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். எஸ்டோனியாவில் 2010 முதல் மின்சீட்டு நடப்பதற்குக் காரணம், அங்கே டாக்டர் எழுதும்போதே அது கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. நம் ஊர் கிளினிக்கில் இன்னும் காகிதப் பேடில் கையால் எழுதுகிறார்கள். முதல் கண்ணி இல்லாமல் கடை மட்டும் இணைந்து இன்று பெரிய பலன் இருக்காது. அதைவிட உடனே உதவுவது பக்கவிளைவுகளைத் தெரிவிப்பது. 1800-180-3024 என்ற எண்ணிலோ, பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ் திட்டத்தின் ஆப்பிலோ பார்மசிஸ்ட் நேரடியாகத் தெரிவிக்கலாம். காசநோய் மருந்து விற்றால், காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்‌ஷய் முறையில் தெரிவிப்பது 2018 முதல் மருந்துக் கடைக்கும் கடமை. இரண்டுக்கும் செலவு இல்லை.

வரிசையாகச் சொல்வதென்றால், முதல் மூன்று மாதம் சாஃப்ட்வேர், ஐட்டம் மாஸ்டர், தமிழ் லேபிள், ஃப்ரிட்ஜ் லாகர். அது பழகியதும் ஐம்பது பேர் பட்டியலும் போன் அழைப்பும். நாற்காலி போட இடம் செய்ததும் பி.பி. மெஷின். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சந்தாவை நிறுத்தினால் உங்கள் வாடிக்கையாளர் தகவல் முழுவதும் எக்செல் ஃபைலாகத் திரும்பக் கிடைக்குமா, இன்டர்நெட் இல்லாதபோது பில் போட முடியுமா, அந்தத் தகவலை அவர்கள் வேறு மருந்துக் கம்பெனிக்கு விற்கவோ பகிரவோ மாட்டார்கள் என்று எழுத்தில் தருவார்களா. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அந்தத் தகவலை வாங்கி வைப்பவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. மூன்றாவது கேள்விக்கு அந்த ஆள் மழுப்பினால் வேறு கம்பெனியைப் பாருங்கள், சந்தையில் சாஃப்ட்வேருக்குப் பஞ்சமில்லை.